நாற்பத்தேழாம் நிமிடம்

ஊபியில், கார்ப் பட்டறைகளுக்கு மேல் ஐந்தாம் மாடி.
சுவரில் அறுபத்தெட்டு அட்டைகள்.
முதல் அங்கம் மஞ்சள், இரண்டாவது நீலம்,
பச்சை தீர்ந்துபோனதால் மூன்றாவதும் மஞ்சள்.

கதை இதுதான்.
கடல் உயர்ந்து எல்லோரும் போய்விட்ட பிறகும்
ஓர் இயந்திரம் மணல் கொட்டிக்கொண்டிருக்கிறது.
தீவு செய்யச் சொல்லியிருந்தார்கள்,
நிறுத்தச் சொல்ல மறந்துவிட்டார்கள்.
பன்னிரண்டாம் நிமிடத்தில் வானொலியில் ஒரு சிறுமி
"போதும்" என்கிறாள்.
அவளைத் தேடிப் புறப்படுகிறது.
அந்தக் குரல் முந்நூறு வருடப் பழைய பதிவு என்பது
எழுபதாம் நிமிடத்தில்தான் அதற்குத் தெரியும்.
நடுவில், நாற்பத்தேழில்,
தேடிக் களைத்து ஒரு திட்டில் நின்று
தெரிந்த ஒரே வேலையைச் செய்கிறது.
மணல், மணல்.
நூறு விநாடி. எண்பது வருடம்.

அந்தத் துரு என்னுடையது.
இரண்டாயிரத்து நானூறு சட்டங்கள், பதினொரு வாரம்.
கல்லாங் ஆற்றோரம் கைவிட்ட சைக்கிள்களைப்
படமெடுத்து வந்து பார்த்துப் பார்த்துத் தீட்டினேன்.
துரு ஆரஞ்சு நிறமென்பவர்கள்
துருவைப் பார்த்ததில்லை.
முதலில் தேநீர்க் கறை, பிறகு உலர்ந்த ரத்தம்,
கடைசியில் கத்திரிக்காய்க் கறுப்பு.
இடது கீலில்தான் ஆரம்பிக்கும்.

வான்கூவரிலிருந்து வந்த ஆலோசகர்
வெள்ளைப் பலகையில் ஒரு மலை வரைந்தார்.
ஏற்றம், உச்சி, சரிவு.
புக்கிட் தீமாவே நூற்றுச்சொச்சம் மீட்டர்தான்
என்றாள் பெக் லிங். யாரும் சிரிக்கவில்லை.
ஒவ்வோர் அட்டையிடமும் அவர் கேட்டார்:
இதற்கு என்ன வேண்டும்? யார் தடுக்கிறார்?
இங்கே என்ன மாறுகிறது?
முப்பத்தேழாவதன் முன் நின்றபோது
"துரு" என்றேன்.
"அழகு" என்றார்.
அழகு என்றால் எடுத்துவிடப் போகிறார்கள் என்று பொருள்.

அன்றிரவு ரயிலில்,
உயர்நிலை மூன்றில் தேர்வுக்காக விழுங்கியது மேலே வந்தது.
ஊறுகாய்: ஊறிய காய், ஊறுகின்ற காய், ஊறும் காய்.
காலம் காட்டும் உறுப்பைத் தின்றுவிட்டு
மூன்று காலத்துக்கும் வாய் திறந்து நிற்கும் சொல்.
வினைத்தொகை. இரண்டு மதிப்பெண்.
சொரிமணல்,
சொரிந்த, சொரிகின்ற, சொரியும்.
இதை அவரிடம் எப்படிச் சொல்வது?
காலம் உள்ளே ஒளிந்திருக்கிறது என்றால்
எந்த அட்டையில் என்பார்.

ஷுஹைதா உரித்தாள். அவள்தான் இயக்குநர்,
அவள்தான் உரிக்க வேண்டும்.
சுவரில் பசை சதுரமாய் நின்றது.
முப்பத்தாறும் முப்பத்தெட்டும்
லிஃப்டில் அறிமுகமில்லாதவர்கள்போல
தோளொட்டி நின்றன.
மறுநாள் என் மேசையில் ஒரு கோப்பி ஓ கோசோங்.
வைத்தது யாரென்று நான் கேட்கவில்லை.

சொல்லிவிட வேண்டும்:
அதற்குப் பிறகு படம் ஓடியது.
இரண்டாம் அங்கத்தின் தொய்வு போயிற்று.
அவர் மலை சரியான மலை.

தெம்பனிஸ், சனிக்கிழமை, மதியக் காட்சி.
டிக்கெட் வாங்கித்தான் போனேன்.
நாற்பத்தேழு வந்தது.
இயந்திரம் திட்டில் ஏறி நின்றது, பளபளவென்று.
வெட்டு.
இயந்திரம் திட்டிலிருந்து இறங்கியது,
கத்திரிக்காய்க் கறுப்பில்.

பின்வரிசையில் ஒரு பையன்,
"ம்மா, இது ஏன் திடீர்னு இப்படி ஆயிடுச்சு?"
"பேசாம பாரு."
"இல்லம்மா, இப்பத்தானே புதுசா இருந்துச்சு."
பாப்கார்ன் பொட்டலம் கசங்கும் சத்தம்.
திரையில் அது நடக்க ஆரம்பித்துவிட்டது,
இடது கீல் கிறீச்சிட.

"ம்மா,
நான் நடுவுல தூங்கிட்டேனா?"

"ஆமாண்டா.
கொஞ்ச நேரம்."