விசேஷம்

நூற்றெட்டுக்கு அடித்தால் தெலுங்கில் எடுக்கிறார்கள்.
எங்கள் மேட்டில் ஆந்திரா டவர்தான் பிடிக்கும்.
"ஏ ஊரம்மா?"
சொன்னேன்.
அது எங்கள் பக்கம் இல்லையே என்றாள்.
போனை வைக்கவும் மனமில்லாமல்
மூச்சு மட்டும் கேட்டது கொஞ்ச நேரம்.

தறிக் கழிவுத் துணியை மடித்து மடித்து வைத்து
முனிரத்தினம் ஆட்டோ கொண்டுவந்தான்.
செக்போஸ்டில் மாங்காய் லாரிகள்.
பின்னால் நின்றோம்.
அங்கேயே முடிந்தது.

அட்டையில் கிரிஜா சிஸ்டர் எழுதினார்:
உண்டானது இரண்டு, கலைந்தது இரண்டு.

மூன்றாம் நாள் பால் வந்தது.
ஐந்து மாதத்துக்கும் வரும் என்று
யாரும் சொல்லியிருக்கவில்லை.
மல்லிகை வைத்துக் கட்டு, வற்றும் என்றாள் நாத்தனார்.

தேசம்மாவிடம் நான்கு முழம் கேட்டேன்.
"இவ்ளோ பூவா! என்னம்மா, விசேஷமா?"
ஆமாம் என்றேன்.
ஒரு முழம் சேர்த்து அளந்தாள்,
காசு வாங்கவில்லை.

விடியும்போது பூ வெந்துபோயிருந்தது ரவிக்கைக்குள்.
வீடு முழுக்கக் கல்யாண வாசனை.
முனிரத்தினம் வாசலிலேயே நின்றுவிட்டு
தறிக்குப் போய்விட்டான்.

இது மூன்றாவது.
பதினோரு நாளாகிறது.
தூங்கினால் மூக்கில் விரல் வைத்துப் பார்க்கிறேன்,
தூங்காவிட்டால் அழுகிறேன், எதற்கென்று தெரியவில்லை.
பால் போதவில்லை என்கிறார் சிஸ்டர்.

காலையில் தேசம்மா கூடையை இறக்கினாள்.
"இப்பவாச்சும் வெச்சுக்கம்மா, பச்சை உடம்புக்காரி."
வேண்டாம், தள்ளி வை, எடுத்துக்கொண்டு போ
என்று கத்திவிட்டேன்.

பிள்ளை வந்ததும் திமிரும் வந்துவிட்டதாகத்
தெருக்கோடி வரை சொல்லிக்கொண்டு போகிறாள்.
கதவைச் சாத்துகிறேன்.
வாசனை மட்டும்
இன்னும் உள்ளே நிற்கிறது.