ஒரே கடல் எனக் கொள்க

பயிற்சித்தாள் நான்கு.
போன வருடம் நவ்பீல் சேர் தயாரித்தது.
அவர் டோகாவுக்குப் போய்விட்டார்,
சீட்டுக்கட்டு மட்டும் என்னிடம் மிஞ்சியது:
ஐம்பத்திரண்டு சீட்டு, நான்கு இனம்,
எழுமாறாக ஒன்றை இழுக்க.
"இஸ்பேட் எண்டா என்ன மிஸ்?"
பாதி வகுப்பு கேட்டது.
மீதிப் பாதி
தெரியாததுபோல் இருந்தது.

அழித்தேன்.
சீட்டு இருந்த இடத்தில் மீன்கூடை வைத்தேன்.
பாரை ஆறு, சூரை நான்கு,
கண்ணை மூடிக்கொண்டு இரண்டை எடுக்க,
எடுத்ததைத் திருப்பிப் போடாமல்.
இரண்டும் சூரையாக இருக்க
பதினைந்தில் இரண்டு.
சந்தையில் யாரும் கண்ணை மூடுவதில்லை,
அது வேறு.

கன்னியாவின் ஏழு கிணறுகளுக்கும்
நானே சூடு கொடுத்தேன்,
ஒரு வெப்பமானியும் நனையாமல்.
இடை முப்பத்தெட்டுப் பாகை.
அந்த முப்பத்தெட்டில் ஒரு கிணறும் இல்லை.
வாளியால் அள்ளித் தலையில் ஊற்றுகிறவன்
இடையில் குளிப்பதில்லை,
கிணற்றுக்குக் கிணறு புதிதாய்த் திடுக்கிடுகிறான்.
"இடை" என்று கரும்பலகையில் எழுதினால்
கடைசி வாங்கு சிரிக்கும்.
வருடா வருடம், அதே அளவு.
நியம விலகல் பூச்சியம்.

எட்டாம் கேள்விதான் எனக்குப் பிடித்தது.
சல்லியிலிருந்து மூன்று வள்ளங்கள் கடலுக்குப் போகின்றன.
ஒரு வள்ளம் வெறுமையாய்த் திரும்பும் நிகழ்தகவு
ஐந்தில் ஒன்று.
சாரா நிகழ்ச்சிகள் எனக் கொள்க.
மூன்றுமே வெறுமையாய்த் திரும்பும் நிகழ்தகவு யாது?
ஐந்தை ஐந்தால், மறுபடி ஐந்தால்:
நூற்றிருபத்தைந்தில் ஒன்று.
மூன்று நிமிடம், நான்கு புள்ளி.

நாற்பத்தொரு விடைத்தாள்.
ஒன்றை பஸ் நிலையத்தில் மான் தின்றுவிட்டது.
கூப்பிட்டு விசாரித்தேன், சாட்சி இருந்தது,
விடுபட்ட தரவு என்று குறித்துக்கொண்டேன்.
முப்பத்தொன்பது பேர்
நூற்றிருபத்தைந்தில் ஒன்று.
சுட்டெண் இருபத்தேழு, ஜெயதர்மினி,
ஐந்தில் ஒன்று என்று எழுதி
அடியில் இரட்டைக் கோடு போட்டிருந்தாள்.

செய்கையும் இருந்தது, பென்சிலில்:
"மிஸ், ஒரு வள்ளத்துக்கு மீன் இல்லையெண்டா
மற்ற ரெண்டுக்கும் இல்லை.
காத்து மாறினா எல்லாருக்கும்தான் மாறும்.
உங்கட கணக்குப்படி
நூற்றிருபத்தைஞ்சு நாளைக்கு ஒருக்காத்தான்
மூண்டும் வெறுமையா வரும்.
போன கிழமை மட்டும் ரெண்டு நாள்.
ஒரே கடல் மிஸ்."

புள்ளித்திட்டத்தில் இதற்கு வரி இல்லை.
சாரா நிகழ்ச்சிகள் எனக் கொள்க.
அந்த நான்கு சொல்லால்
மூன்று வள்ளத்துக்கும் மூன்று கடல் வெட்டிக் கொடுத்திருக்கிறேன்,
ஆளுக்கொரு சோளகம், ஆளுக்கொரு வாடை,
ஒருவன் நீரோட்டம் இன்னொருவனைத் தொடாதபடி
வரப்புக் கட்டியிருக்கிறேன்.
எந்தக் கடவுளும் செய்யாத பாகப்பிரிவினை.

நான்கையும் போட்டேன்.
கை பொறுக்காமல், பக்கத்தில்,
"கேள்வியைக் கவனமாக வாசிக்கவும்" என்று எழுதினேன்.
பிறகு அதை வெட்டினேன்.
வாசித்தவள் அவள்தான்.

வித்தியாலயம் வீதியில் போட்டோகொப்பிக் கடை
ஏழு மணிக்குப் பூட்டும்.
ஆறு நாற்பதுக்கு ஒன்பதாம் கேள்வியைச் சேர்த்தேன்:
மேற்கூறிய வள்ளங்கள் ஒரே கடலில் போகின்றன எனக் கொள்க.
ஒன்று வெறுமையாய்த் திரும்பியதெனத் தரப்படின்
மற்ற இரண்டும்

அங்கே நின்றுவிட்டது.
அதற்கு எண் வேண்டும்.
என்னிடம் இல்லை.
நவ்பீல் சேரிடமும் இருந்திருக்காது.
விடியப்புறம் சல்லிக் கரையில்
நீலப் பெட்டிகளை எண்ணிக்கொண்டு நிற்கிறவளிடம்
இருக்கலாம்.
வசனத்தை முடிக்காமலே தாளை நீட்டினேன்,
அடியில் நிறைய வெள்ளை விட்டு.

"நாப்பத்தொரு பிரதியா மிஸ்?"
நாற்பத்திரண்டு என்றேன்.
மானுக்கு ஒன்று.