மோதலின் அடையாளம்

முதலில் சிவப்பு போனது.
ஃப்ரோய்லான் மன்சீயாவின் லாரி
திரையில் கத்தரிப்பூ நிறத்தில் வந்தது.
அடுத்து ஒரு வெள்ளை வேன். அதுவும் கத்தரிப்பூ.
சோதித்துப் பார்க்க எடுத்த என் காலணியும்.
குறுக்கே கோடுகள்,
நனைந்து காய்ந்த நோட்டுப் புத்தகம்போல.

வாங்கிப் பதினோரு மாதம்.
உத்தரவாத அட்டை இருந்தது,
தேதியும் முத்திரையும் கலையாமல்.
புந்தா அரேனாஸிலிருந்து சந்தியாகோவுக்குப்
பார்சல் கட்டினேன்.
மெமரி கார்டு, பேட்டரி, தோள்வார் வேண்டாம் என்றார்கள்.
கழற்றி மேசைமேல் வைத்தபோது
ஆபரேஷனுக்கு அழைத்துப்போனவரின்
கண்ணாடி, மோதிரம், பல்செட் போலக் கிடந்தன.

என் வேலையையும் சொல்லிவிடுகிறேன்.
வாகனக் காப்பீட்டில் சேத மதிப்பீடு.
இந்த ஊர்க் காற்று கார்க்கதவைப் பிடுங்கி
மறுபக்கம் மடக்கிவிடும்.
தெருமுனையைக் கடக்க ஆட்கள்
கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடக்கிற நாட்கள் உண்டு.
மடங்கிய கதவோடு வருகிறவர்களுக்குப்
பத்தொன்பது வருடமாக நான் எழுதித் தருவது:
காற்று, மோதல் ஆகாது.
கீல் முன்பே தளர்ந்திருப்பது காணப்படுகிறது.

இருபத்திரண்டாம் நாள் கடிதம் வந்தது.
"தங்கள் கருவியின் இடது கீழ்மூலையில்
மோதலின் அடையாளம் காணப்படுகிறது.
எனவே உத்தரவாதத்தில் சேராது.
பழுதுநீக்க ஒரு லட்சத்து நாற்பத்தெட்டாயிரம் பேசோ.
பதினைந்து நாளில் பதில் இல்லையேல்
பழுதோடே திருப்பி அனுப்பப்படும்."

காணப்படுகிறது.
கண் யாருடையது என்று சொல்லாத வினைச்சொல்.

கூடவே ஒரு படம்.
அரிசி நுனியளவு நசுங்கல்,
பக்கத்தில் அளவுகோல், அடியில் சாம்பல் தாள்.
கோபத்தோடு பார்க்க ஆரம்பித்து
கோபம் எங்கே போனதென்று தெரியாமல் பார்த்தேன்.
பள்ளத்தின் விளிம்பு தெரிய வேண்டுமென்றால்
விளக்கைத் தாழ்த்தி, பக்கவாட்டில் வைக்க வேண்டும்.
நான் வைப்பது போலவே வைத்திருந்தார்
ஆர். கத்ரிலேயோ எனக் கையெழுத்திட்டவர்.

தொலைபேசினேன்.
வரிசையில் பதினேழாவது ஆள்.
வால்ஸ் இசை.
நடுவில் ஒரு குரல், நான் அவர்களுக்கு முக்கியம் என்றது.
மறுபடி வால்ஸ்.
ஒருத்தி புகார் எண் கேட்டாள், சொன்னேன்,
வேறு பிரிவுக்கு மாற்றினாள்,
அங்கே ஒருவன் புகார் எண் கேட்டான்.
"நசுங்கல் மூலையில், கோளாறு சென்ஸாரில்.
கால் சுளுக்கினால் காது அடைக்குமா, தம்பி?"
"நிறுவன நடைமுறை, மேடம்."
அந்தப் பணிவு எனக்குத் தெரியும்.
போன வாரம் மன்சீயாவிடம்
அதே குரலில்தான் பேசினேன்.

ஒன்பது வாரம்.
இதற்குள் தொழிற்சாலைக்கே உறைத்திருக்கிறது:
அந்தத் தொகுதி முழுக்க
சென்ஸாருக்குள் ஒரு கம்பி
ஈரம் பட்டு விட்டுப்போகிறது.
மன்னிப்பு என்ற சொல் எங்கும் இல்லை.
"நல்லெண்ண அடிப்படையில், இலவசம்"
என்று ஒரு ரசீது.
நசுங்கலை மட்டும் அப்படியே விட்டிருந்தார்கள்,
அது என்னுடையதாம்.

மறு ஆய்வு கேட்டு
மன்சீயா திரும்ப வந்திருந்தார்.
கார்டைச் செருகி லாரியை ஒரு படம் எடுத்தேன்.
சிவப்பு, சிவப்பாக வந்தது.
கோப்பு எண் 4268.
பெட்டியில் வைத்தபோது 4206.
நடுவே அறுபத்தொரு தடவை
யாரோ என் பொத்தானை அழுத்தியிருக்கிறார்.
சாம்பல் தாளாக இருக்கும், நிறப்பலகையாக இருக்கும்,
ஒன்றிரண்டு
ஜன்னலாக இருக்கலாம், மதியச் சாப்பாடாக,
சலிப்பில் பக்கத்து மேசைக்காரரின் பிடரியாக.
அவர்கள் கார்டில் எடுத்தது,
அழித்திருப்பார்கள்.

கீலின்மேல் அளவுகோலை வைத்தேன்.
காற்று தட்டிவிட்டது.
எடுத்து வைத்தேன், மறுபடி தட்டிவிட்டது.
மன்சீயா கையுறையைக் கழற்றி
பெருவிரலால் அழுத்திப் பிடித்தார்.
"விரல் படத்தில் விழும்" என்றேன்.
"விழட்டுமே."

4269.