ஏழாவது கேள்வி

'தற்கால ஆங்கிலக் கவிதையில்
படைப்பாற்றலுக்கும் அதிகாரத்துக்கும்
குறியீடாக விலங்குகள்: விவாதிக்க.'
பதினைந்து மதிப்பெண்.
தபால்வழி முதுகலை, இரண்டாம் ஆண்டு.
தோஹாவில் ஒரு பள்ளிக்கூட மாடியில்
எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் பெஞ்சில்
முழங்கால் இடிக்க உட்கார்ந்து
மூன்று பக்கம் எழுதினேன், அம்மா.
பருந்து என்றால் அதிகாரம்.
குதிரை என்றால் கற்பனை.
கைடில் இருந்தது, கை எழுதியது.
நீங்கள் பத்து போட்டிருக்கலாம்.

இது அன்று எழுதாமல் வந்த பக்கம்.

வல்லூறு ஆஸ்பத்திரியில் வேலை எனக்கு.
மாலையில் கிளம்புமுன்
ஐஸ் பெட்டியிலிருந்து காடைகளைக்
கீழ்த்தட்டுக்கு மாற்றிவிட வேண்டும்.
காலை ஐந்தரைக்கு எடுத்து
தட்டில் பரப்புவேன்.
அறுபது காடை,
ஒவ்வொன்றும் உள்ளங்கைக்குள் அடங்கும்,
கழுத்து எந்தப் பக்கம் சாய்த்தாலும் சாயும்.
பாடத்திட்டத்தில் தேடிப் பார்த்தேன்,
காடைக்கு ஒரு வரி இல்லை.

எட்டு மணிக்கு அதிகாரம் வரத் தொடங்கும்
லேண்ட் குரூசரில், முன்சீட்டில்,
கண்ணை மூடிய தோல்தொப்பியோடு.
டோக்கன் வாங்கி
பச்சை விரிப்பு சுற்றிய கட்டைகளில்
வரிசையாக உட்காரும்,
பக்கத்தில் யாரென்று தெரியாத
பத்துப் பன்னிரண்டு ராஜாக்கள்.
பாஸ்போர்ட்டும் உண்டு அவற்றுக்கு.
என்னுடையது எங்கே என்று
கேள்வித்தாளில் கேட்கவில்லை.

பறவையைத் தாங்க முன்கையில் மாட்டும் உறைக்கு
இங்கே மங்களா என்று பெயர்.
சங்கரன்கோவிலில் அந்தப் பெயரில் ஒரு லாட்ஜ் இருந்தது.
முதல் வாரம் அதைக் கேட்டுச் சிரித்து
அபூ ரக்கானிடம் முறைப்பு வாங்கினேன்.

அவருடைய பறவைக்கு ஸராப் என்று பெயர்.
கானல் என்று அர்த்தமாம்.
போன வியாழன் வந்தது
வலச்சிறகின் ஐந்தாம் இறகு பாதியில் ஒடிந்து.
டாக்டர் வாயுமூடியை வைத்தார்.
நகங்கள் ஒவ்வொன்றாக
என் விரலை விட்டன.
தராசில் கிடத்தினோம்:
ஒரு கிலோ நாற்பது கிராம்.
அதிகாரத்தின் எடையை, அம்மா,
நாங்கள் சிவப்புப் பேனாவில் குறித்து வைக்கிறோம்.

சுவரோரம் இழுப்பறை அலமாரி.
உதிர்ந்த இறகுகள், செத்தவற்றின் இறகுகள்,
இடம் வலம் பிரித்து
ஒன்று முதல் பத்து வரை எண்ணிட்டு.
மாரிசெல் ஒடிந்ததை அடியோடு நறுக்கினாள்.
நான் இன்னொன்றை அளந்து எடுத்தேன்.
மூங்கில் சிலாம்பு சீவி
பாதி இந்தத் தண்டுக்குள்,
பாதி அந்தத் தண்டுக்குள்,
ஒரு சொட்டுப் பசை.
பிறகு மூச்சடக்கிப் பிடித்திருக்க வேண்டும்.
கோணம் நூலளவு தப்பினாலும்
வானத்தில் சாயும்.

யாருடைய இறகு?
ரிஜிஸ்தரில் நீளம் உண்டு, எண் உண்டு.
பெயர் எழுதக் கட்டம் இல்லை.

பசை காயும் அந்த இரண்டு நிமிடத்தில்
உங்கள் கேள்வி மறுபடி வந்து
தோளில் உட்கார்ந்தது.
அந்த மூன்று பக்கமும்
இழுப்பறையில் எடுத்தவைதான், அம்மா.
எவரெவரோ பறந்து உதிர்த்த வாக்கியங்கள்.
சிலாம்பு மட்டும் நான் சீவியது,
அதுவும் உள்ளே போய்விட்டது,
வெளியே தெரியாது.

ஸராப் விழித்ததும்
என்னையோ மாரிசெல்லையோ பார்க்கவில்லை.
உடம்பை ஒரு உலுக்கு உலுக்கி
என் சட்டையில் வெள்ளையாகக் கழிந்தது.
மொத்த வார்டும் சிரித்தது,
அபூ ரக்கான் உட்பட.

வெள்ளி இரவு அவர் அனுப்பிய வீடியோ,
பதினான்கு விநாடி.
இண்டஸ்ட்ரியல் ஏரியா, மேல்கட்டில்,
போர்வைக்குள் வெளிச்சம்.
மணல், அதன் மேல் ஒரு கோடு,
கோடு திடீரென்று விரிகிறது.
நிறுத்தி, நிறுத்தி, பெரிதாக்கிப் பார்த்தேன்.
எதைப் பிடிக்கப் போனதோ,
அதற்குள் படம் முடிந்துவிட்டது.

'கிரிக்கெட்டா?' என்றார் கீழ்க்கட்டில் முகைதீன் லெப்பை.
போனைக் கொடுத்தேன்.
வலது, ஐந்தாவது, கொஞ்சம் கருப்பாக.
கண்ணாடியைத் தேடிப் போட்டுப் பார்த்தார்.
'ஒண்ணும் தெரியலையே.'

நல்லது என்று படுத்துக்கொண்டேன்.
காடைகளைக் கீழ்த்தட்டுக்கு மாற்றாமல் வந்தது
அப்போதுதான் ஞாபகம் வந்தது.