மூன்று விரல் வழக்கு

கீதியோ துறைமுகத்துச் சின்ன கோர்ட்டில்
நான் எழுத்தர்.
வாய் பேசுவதை எழுத எனக்குச் சம்பளம்.
கை பேசினால் எப்படி எழுதுவது என்று
இதுவரை ஒரு சுற்றறிக்கையும் வரவில்லை.

வழக்கு எண் நாற்பத்தொன்று.
புகார் கொடுத்தவள் பொலிக்ஸேனி, பேக்கரிக்காரி.
கூண்டில் ஸ்டாமாடிஸ், பேய்க்கணவாய் பிடிப்பவன்.
அவன் வலை காயும் இடத்தில் அவள் வேன் நின்றது.
கையை விரித்து அவள் முகத்துக்கு நேரே
தள்ளினான்: ‘நா!’
இந்தா, வாங்கிக்கொள்.
அவ்வளவுதான் நடந்தது. அது போதும் இங்கே.

விரித்த உள்ளங்கை உங்கள் ஊரில்
‘நில்’ என்று சொல்லலாம்.
எங்கோ ஒரு நாட்டுச் சிலையில்
‘அஞ்சாதே’ என்கிறதாம்.
எங்கள் ஊரில் ஐந்து காபி கேட்பவன்கூட
உள்ளங்கையைத் தன் பக்கம் திருப்பிக்கொள்வான்.

வக்கீல் மவ்ராகோஸ் எழுந்தார்.
பழைய பேரரசு நாளில், சொல்கிறார்கள்,
குற்றவாளியைக் கழுதைமேல் ஏற்றி
வாலைப் பார்த்து உட்காரவைத்துத்
தெருத்தெருவாய் நடத்துவார்களாம்.
அன்று ஊர் அடுப்பெல்லாம் சுத்தமாகும்.
சாம்பல் அள்ளிய கை, முகத்தில் முழுசாய்ப் பதியும்.
‘கழுதை போயிற்று, சாம்பல் போயிற்று,
பேரரசே போயிற்று, அம்மணி.
கை மட்டும் நீட்டினபடி நின்றுவிட்டது.’

‘அதாவது, கரி இல்லாமலே கரி பூசுகிறோம்’
என்றார் நீதிபதி.
‘ஆமாம். கழுவ வேண்டியதில்லை. ஆகவே நஷ்டமுமில்லை.’

அந்த நேரம் பார்த்து டோனர் தீர்ந்தது.
நான் மாற்றினேன். கை இரண்டும் கறுப்பு.

‘செய்து காட்டு’ என்றார் நீதிபதி.
ஸ்டாமாடிஸ் கையைத் தூக்கிவிட்டு முழித்தான்.
நேரே நீட்டினால் நீதிபதி.
வலப்பக்கம் கிறிஸ்துவின் படம்.
இடப்பக்கம் ஜன்னல், ஜன்னலில் சுங்க அதிகாரி.
கடைசியில் மின்விசிறிக்குக் காட்டினான்.
அப்போதுதான் எல்லாரும் பார்த்தோம்:
மூன்று விரல்.
மற்ற இரண்டும் பத்தொன்பது வயதில்
வெடி வைத்து மீன் பிடித்த காலையில்
கடலோடு போனவை.

மவ்ராகோஸ் முகம் மலர்ந்தது.
‘இது ஐந்தல்ல. இது வந்து...
மூன்று காபி.’

சிரிப்பு அடங்கியபின் சாட்சி,
வேன் பழுதுபார்க்கும் பெஹ்ரூஸ்.
தயங்கினான். தைரியமாய்ச் சொல் என்று
நீதிபதி கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.
அவன் காது சிவந்தது. தரையைப் பார்த்தான்.
‘அம்மா, நான் பிறந்த ஆபாதானில் கிழவர்கள்முன்
இதைக் காட்டினால் அடிதான் விழும்.’
நீதிபதி தன் விரலை
யாரோ மேசையில் விட்டுப்போன பொருள்போல் பார்த்துக்
கோப்புக்கு அடியில் வைத்தார்.

பொலிக்ஸேனி கேட்காமலே பேசினாள்:
‘எத்தனை விரல் என்று நான் எண்ணவில்லை.
இல்லாத இரண்டுதான்
முதலில் வந்து பட்டது.’
இதைச் சாட்சியமாய் எழுதுவதா,
விட்டுவிடுவதா? எழுதினேன்.

ஆதாரம் போதவில்லை. தள்ளுபடி.

வாசல் படியில் அவள் அவனை நிறுத்தினாள்.
‘அரைகுறைத் திட்டோடு நான் வீட்டுக்குப் போகமாட்டேன்.’
அவன் கோணிப்பையைக் கீழே வைத்தான்.
இடக்கையை உயர்த்தினான்.
ஐந்தும். அகலமாய். ‘நா!’
சில்லறை எண்ணி வாங்கியவள்போல்
தலையசைத்து இறங்கினாள்.
மறுநாளும் வேன் அங்கேதான் நின்றது.

நான் பதிவேட்டில் அந்த இடத்தில்
‘சைகை’ என்று ஒரே சொல் போட்டு முடித்தேன்.
மேல்கோர்ட்டுக்குப் போகும் நகலைத் திருப்பினால்
பின்பக்கம் முழுக்க, டோனர் கறையில்
என் உள்ளங்கை,
ஐந்து விரலும் விரிந்து.

மறுபடி அச்செடுக்க நேரமில்லை.
உறையில் போட்டு ஒட்டினேன்.