நான்காம் வேற்றுமை

ஃபோர்ட்டில் ஒரு வக்கீல் ஆபீஸ். தட்டச்சு என் வேலை.
லத்தீன் சொற்கள் நாளுக்கு நாற்பது வரும்,
பொருள் தெரியாமலே பிழையில்லாமல் அடிப்பேன்.
இன்று ஒன்றுக்கு மட்டும் அகராதி புரட்டினேன்:
ஆம்னிபஸ்.

எல்லோருக்கும் என்று அர்த்தமாம்.
(போன தீபாவளிக்குத் திருநெல்வேலி போக
ஆம்னி பஸ்காரன் மூவாயிரம் கேட்டான். எல்லோருக்கும்!)
குதிரை இழுத்த காலத்தில் யாரோ வைத்த பெயர்.
நீளம் தாங்காமல் நடுவில் நறுக்கியதில்
எல்லோரும் அந்தப் பக்கம் விழுந்துவிட்டார்கள்.
கையில் மிஞ்சியது வால்,
வெறும் வேற்றுமை உருபு.
நம் இலக்கணத்தில் 'கு'.

கு வந்துவிட்டதா,
கு-வில் இடம் இருக்கிறதா,
கடைசி கு எத்தனை மணிக்கு.

சிரித்துக்கொண்டே இறங்கினால் மழை.
குர்லாவில் தண்டவாளம் முங்கி
ரயிலில் போகவேண்டிய ஊரே சாலையில் நின்றது.
ஒருவரை முழங்கையால் இடித்து
ஜன்னலோரம் பிடித்தேன்.

"புடே சலா, புடே சலா" என்று
தொண்டை கட்டக் கத்தினார் கண்டக்டர் தாம்ளே.
தாதரில் ஒரு கோலிப் பெண் ஏறப் பார்த்தாள்,
இடுப்பில் மீன்கூடை.
"பஸ், பஸ்!" என்றார்.
மராத்தியில் அது உட்கார். இந்தியில் போதும்.
அவர் சொன்னது போதும்.
"காலி ஆஹே" என்று கூடையைக் கவிழ்த்துக் காட்டினாள்.
மழைத்தண்ணீர் ஒரு கை கொட்டியது.
வாடை மட்டும் உள்ளே ஏறிக்கொண்டது.
முதலில் மூக்கைப் பொத்தியது யாரென்று
கேட்காதீர்கள்.

மணி இரண்டு முறை.
காந்தி மார்க்கெட் தாண்டுமுன்
சக்கரம் மறையத் தண்ணீர். இன்ஜின் இருமி அணைந்தது.
எல்லோருக்கும் என்ற சொல்லின் வாலுக்குள்
அறுபத்து மூன்று பேர்,
கண்ணாடியில் ஆவி.

உள்ளங்கையால் துடைத்துப் பார்த்தேன்.
தொடையளவு தண்ணீரில்
சேலையை வரிந்து கட்டிக்கொண்டு
அவள் எங்களைக் கடந்து போனாள்,
நான் இறங்கவேண்டிய தாராவிப் பக்கமாகவே.
கூடையைத் தலையில் கவிழ்த்திருந்தாள்.
அதன் முதுகில் மழை
தம்தம்மென்று விழுந்தது.

காலிக் கூடைக்குத்தான்
அப்படிச் சத்தம் வரும்.