சார்ஜ்

கிரிம்ஸ்பி ஆஸ்பத்திரி. இரவு இரண்டு மணி.
என் இடக்கையும் அவன் வலக்கையும்
ஒரே விலங்கில்.
அவன் இருமினால் என் தோள் குலுங்குகிறது.

பெயர் கோரின் மேடிசன், வயது பத்தொன்பது.
பெட்ரோல் பங்கில் ஒரு சார்ஜர் எடுத்தான்,
எட்டுப் பவுண்டு தொண்ணூற்றொன்பது பென்ஸ்.
சுவரேறிக் குதித்ததில்
இடது மணிக்கட்டு போயிற்று.
சார்ஜர் என் பையில்,
சாட்சிப்பொருள் ஒன்று என்று எழுதி
முத்திரை வைத்த உறையில்.

“என்மேல சார்ஜ் போட்டாச்சா?”
இன்னும் இல்லை, விடிந்ததும் ஸ்டேஷனில்.
“அப்போ இதுக்காவது போடுங்க”
செத்த போனை நீட்டினான்,
என் கையும் சேர்ந்து நீண்டது.

நான் சிரித்திருக்கக் கூடாது.

சார்ஜ் நர்ஸ் தெர்சா பிளேக்கி வந்தாள்,
இருபத்தெட்டுக் கட்டிலும் அவள் பொறுப்பு.
மாவுக்கட்டுக்கு எவ்வளவு ஆகும் என்று கேட்டான்.
“இங்க எதுக்கும் சார்ஜ் கிடையாது கண்ணு,
என் காரை நிறுத்துறதைத் தவிர.”

நாலு மணிக்கு மீன் தொழிற்சாலையிலிருந்து
குறுஞ்செய்தி வருமாம்.
பத்து நிமிஷத்தில் பதில் போகாவிட்டால்
அந்த ஷிப்ட் அடுத்தவனுக்கு.
மூன்று முறை தவறினால் பட்டியலில் பெயரே இருக்காது.
இரண்டு தவறியாயிற்று.

ஒரு மணி நேரம் ஹேடாக் அறுத்தால்
ஒரு சார்ஜர் வாங்கலாம், மிச்சமும் இருக்கும்.
கணக்கு அவனுக்கும் தெரியும்.
அந்த ஒரு மணி நேரம்தான் கிடைக்கவில்லை.

தெர்சா தன் வயரைக் கொண்டுவந்தாள்.
முனை பொருந்தவில்லை.
பக்கத்துக் கட்டில் ஹெபிள்வைட்
தூக்கத்தோடு தன்னுடையதை எடுத்துக் கொடுத்தார்.
அதுவும் வேறு முனை.

மூவரும் என் பையைப் பார்த்தோம்.

உறையைப் பிரிக்க ஒரு படிவம் உண்டு,
காரணம் எழுத இரண்டு வரி இடம்.
எழுதினேன்:
பொருள் வேலை செய்கிறதா என்று சோதிக்க.

வேலை செய்தது.

நாலு மணி மூன்று நிமிஷம்.
பதினோரு சதவீதத்தில் திரை ஒளிர்ந்தது:
காலை ஆறு மணி ஷிப்ட். ஆம். இல்லை.
அவன் விரல் திரைவரை போயிற்று,
கூடவே என் கையும்.
அங்கேயே நின்றது.

“எதை அமுக்க?” என்றான்.
“நீங்கதானே இன்சார்ஜ்.”

தெர்சா என்னைப் பார்த்தாள்.
பத்து நிமிஷம் இருந்தது.
பிறகு ஒன்பது.